பிழிந்தால்தான் மசியல்

நேயர்களுக்கு வணக்கம்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்ததும், உருளைக்கிழங்கைக் குறைத்துக்கொள்ளும்படி மருத்துவர் கூறினார். பூரியை விட்டுச் சப்பாத்திக்கு மறுபேச்சில்லாமல் மாறிய அவரால், அதனுடன் சேரும் கிழங்கு மசியலை மட்டும் விட முடியவில்லை. அதற்கு மாற்றாக நான் கண்டது காலிஃப்ளவர். நூறு கிராம் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 17 கிராம் மாவுச்சத்து உண்டு என்றால், அதே எடையுள்ள காலிஃப்ளவரில் 5 கிராம்தான் இருக்கிறது. கலோரியும் 77-க்கு எதிராக 25 மட்டுமே.

முதல் நாள் செய்த பிழையைக் கூறிவிடுகிறேன். கிழங்கை வேக வைப்பது போலவே பூவைக் குக்கரில் போட்டு, தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, மூன்று விசில் விட்டேன். மூடியைத் திறந்ததும் எழுந்த வாடை வாசல் வரை போயிற்று. மசித்துத் தட்டில் வைத்தால், அது மெல்ல நகர்ந்து சப்பாத்தியின் அடியில் புகுந்துகொண்டது. என் கணவர் தட்டைச் சற்றே சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதற்குக் கரண்டி கொண்டுவரவா, டம்ளர் கொண்டுவரவா?" என்று கேட்டார்.

குற்றம் தண்ணீரில் இருந்தது. காலிஃப்ளவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தான். கிழங்கிலுள்ள மாவு வேகும்போது நீரை உறிஞ்சி உப்பிக் கெட்டிப்படுகிறது, பூவிலோ அப்படிப் பிடித்து வைக்கும் அளவுக்கு மாவு இல்லை. அந்த வாடையும் அதிக நேரம் வேக விடுவதால் வெளிப்படும் கந்தகச் சேர்மங்களால் வருவதே.

ஆகவே, பூவைச் சிறு கிளைகளாகப் பிரித்து, புழு இருந்தால் வெளியேறும்படி உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, இட்லிப் பானையில் ஆவியில் வேக வையுங்கள். பன்னிரண்டு நிமிடத்துக்குப் பின் தண்டில் கத்தி தடையின்றி இறங்கினால் போதும். தட்டில் பரப்பி ஆவி அடங்கியதும், மெல்லிய வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிப் பிழியுங்கள். ஒரு நடுத்தரப் பூவிலிருந்து அரை டம்ளர் நீர் வடியும்போது உங்களுக்கே வியப்பாக இருக்கும். மீண்டும் கூறுகிறேன், பிழியாமல் மசிக்காதீர்கள்; அவசரமாக இருக்கிறது என்றாலும் பிழியாமல் மசிக்காதீர்கள்.

அதன் பிறகு கீரை கடைவது போலக் கல்சட்டியில் மத்தால் கடையலாம். மிக்சியிலும் போடலாம். உருளைக்கிழங்கை மிக்சியில் அரைத்தால் அதன் மாவு வெளிப்பட்டுப் பசையாகிவிடும். காலிஃப்ளவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, இறுதியில் மிளகுத்தூள் தூவினால் போதுமானது. கெட்டியாக வேண்டும் என்போர் சிறிய உருளைக்கிழங்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அதை நான் தோல்வியாகக் கருதுவதில்லை. ஆனால் வெண்ணெயைக் கரண்டி கரண்டியாகப் போடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை, ஏனெனில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயின் கலோரி 400 கிராம் காலிஃப்ளவரின் கலோரிக்குச் சமம்.

இது உருளைக்கிழங்கு போலவே இருக்கும் என்று வீட்டாரிடம் வாக்களிக்காதீர்கள். சுவை வேறுதான். என் கணவர் இன்றும் இதைக் கிழங்கு என்று அழைப்பதில்லை. "அந்த வெள்ளை மசியல்" என்றே கேட்கிறார், ஆனால் இரண்டாம் முறையும் கேட்கிறார்.

தண்டையும் இலையையும் பயன்படுத்துவது பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். தண்டின் தடித்த தோலைச் சீவிவிட்டுப் பூவோடு வேக வையுங்கள், இளம் இலையைப் பொரியல் செய்யுங்கள். வயிற்றில் வாயுத் தொல்லை உள்ளவர்கள் முதல் நாள் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். வணக்கம்.