ஐம்பதிலும் வளையும்

நடுவர் அவர்களே, திருகோணமலைச் சபையோரே, வணக்கம்.

வளர்ந்த மூளையையும் மருந்தின் துணையோடு மறுபடி கற்க வைக்கலாம், எலிகளில் அது நடந்தது என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணித் தம்பி, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அத்தோடு விடாமல், "எலிக்கு வளைந்ததாம், நாங்கள் என்ன எலியா?" என்றும் கேட்டார்.

சரி, எலிக்கே போவோம். கூட்டாளிகளோடு கிடந்த படுக்கையைக் குட்டி எலி பிறகும் தேடிப் போகும். வளர்ந்த எலிக்கு அந்தப் பாடம் ஏறாது. மூளையில் அதைக் கற்கும் கதவு மூடிவிடும். மூளை ஆய்வாளர் குல் டோலனின் ஆய்வுக்குழு 2019இல் வளர்ந்த எலிகளுக்கு எம்டிஎம்ஏ என்ற போதைமருந்தைக் கொடுத்தது. கதவு திறந்தது. 2023இல் வேறு மருந்துகளையும் பார்த்தால், மயக்க மருந்தான கெட்டமின் 2 நாள், போதைக் காளானில் உள்ள சைலோசைபின் 2 கிழமை, எல்எஸ்டி என்ற போதைமருந்து 3 கிழமை அதைத் திறந்து வைத்தன.

எலி வேண்டாமா தம்பி? பூனைக்கு வாருங்கள். மூளை ஆய்வாளர்கள் ஹூபலும் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைத் தைத்து வைத்தார்கள். பிரித்தபோது கண் நன்றாக இருந்தது, மூளைதான் அதைக் கைவிட்டிருந்தது. பெரிய பூனைக்கு அப்படி ஆகவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பார்வை மந்தமான பிள்ளையின் நல்ல கண்ணை மறைத்துக் கட்டும் வைத்தியத்தைக் காலத்தோடு செய்யச் சொல்கிறார்களே, அந்த அவசரம் ஏனென்று விளக்கியது அந்தப் பூனைதான். பூனையிடம் படித்த நாங்கள் எலியிடம் படிக்கக் கூடாதா?

என் பெரியப்பா உப்புவெளியில் வலை பின்னியவர். பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்தது. கை மீளும் வேகம் முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம் என்பது எங்களுக்குத் தெரியாது. "ஆறட்டும், ஆறட்டும்" என்று கதிரையில் இருத்தி நாங்களே சோறூட்டினோம். பாசத்தில் செய்தோம்.

நாலாம் மாதம் வலை ஊசியைக் கையில் வைத்தேன். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். விழுந்தது. சீமெந்துத் தரையில் அது விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது. மூன்றாம் தரம் எடுக்கக் குனிந்தேன். பெரியப்பா இடக்கையால் என் தலையைத் தொட்டு, "விடு மகள்" என்றார்.

அந்த மருந்துகளைக் கடையில் வாங்கி விழுங்கச் சொல்லவில்லை, சபையோரே. வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டும், பயிற்சியும் வேண்டும். பாரிசவாதக்காரருக்கும் அந்தக் கதவு திறக்குமா என்று தேடுகிறார்கள். தேடட்டும்!

அந்த ஊசி எங்கள் வீட்டு யன்னலில் இன்னும் இருக்கிறது. தம்பி, வாருங்கள். ஐம்பதில் வளையாது என்று பெரியப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். என்னால் முடியாது.