டேம் கரைக் குடியிருப்புல ‘பொது வசதி’ யாருக்குச் சொந்தம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கண்டியிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. திகன பக்கம், விக்டோரியா டேம் தெரியிற மாதிரி, கேட் போட்ட தனியார் குடியிருப்புல 15 பேர்ச் காணி பார்த்திருக்காங்க. “கிளப் ஹவுஸ், படகுத்துறை, பார்க், ஊற்றுத் தண்ணி எல்லாமே பொது, மாசக் காசு கட்டினா போதும்னு சொல்றாங்க. அதெல்லாம் உண்மையில யாருக்குச் சொந்தம்? கனடாவுல இருக்கிற அண்ணன் பேர்ல உறுதி (காணிப் பத்திரம்) எழுதலாமா?” இதுதான் கேள்வி.

டேம்ல இருந்தே தொடங்குவோம். அது உங்களுக்கும் சொந்தமில்ல, விக்கிறவருக்கும் சொந்தமில்ல. மலையகத்துல நாம ரசிச்சுப் பார்க்கிற பெரிய தண்ணி அநேகமா எல்லாமே கட்டி எடுத்தது. நுவரெலியா கிரகரி வாவி 1873ல, ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்துல வந்தது. காசல்ரீயும் மவுசாகலையும் 1960கள்ல மின்சாரத்துக்காகக் கட்டினது. பழைய மஸ்கெலியா டவுன் அப்பதான் மூழ்கிச்சு. இப்பவும் தண்ணி வத்தினா பழைய கோயில் வெளிய தெரியும். விக்டோரியா 1985ல, பழைய தெல்தெனிய டவுனை மூடிக்கிட்டு நிறைஞ்சது.

இந்த வரலாறு உங்க படகுத்துறை வரைக்கும் வரும். விக்டோரியாவுல முழு மட்டம் கடல் மட்டத்துக்கு மேல 438 மீற்றர். மின்சாரம் எடுக்கக்கூடிய ஆகக் குறைஞ்ச மட்டம் 370 மீற்றர். 68 மீற்றர் இறங்க இடமிருக்கு! மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் திறக்கிறதைப் பொறுத்துத்தான் மட்டம் நிக்கும், உங்க படகைப் பார்த்து இல்ல. கரையில கொங்கிறீட்ல துறை கட்டியிருந்தா வறட்சியில அது செம்மண் சரிவுக்கு மேல தனியா நிக்கும். மிதக்கிற மேடையா, மட்டத்தோட கூடவே நகர்த்துற மாதிரி இருக்கணும். அதோட, கரையோர ஒதுக்கு நிலம் மகாவலி அதிகார சபைக்குக் கீழ வருது. அங்க யார் எதைக் கட்டியிருந்தாலும் அனுமதியில நிக்கிறதுதான், சொத்து இல்ல. அனுமதிக் கடிதம் யார் பேர்ல, எந்தத் திகதி வரைக்கும்னு கேளுங்க. “கரை வரைக்கும் நம்ம காணிதான்”னு சொன்னா, நில அளவையாளரை வச்சு ஒதுக்கு எல்லையை பிளான்ல கீறச் சொல்லுங்க.

சரி, கரைக்கு மேல இருக்கிற வசதிகள். விளம்பரப் படத்தை மடிச்சு வச்சிட்டு, பதிவான நில அளவைப் படத்தை எடுங்க. பாதை, பார்க், கிளப் ஹவுஸ், தண்ணி டேங்க் இருக்கிற இடம் எல்லாத்துக்கும் தனித்தனி லொட் (காணித் துண்டு) இலக்கம் இருக்கணும். அந்த இலக்கங்களைப் பாவிக்கிற உரிமை உங்க உறுதியோட அட்டவணையில எழுத்துல வரணும். வரலைன்னா, நாளைக்கு கிளப் ஹவுஸ் லொட்டை, உங்களுக்குக் காணி விக்கிறவர் ஹோட்டல்காரருக்கு வித்தா, தடுக்க உங்க கையில ஒண்ணும் இருக்காது. ஒரு ஹெக்டேயருக்கு மேல உள்ள காணியைப் பிரிக்கும்போது, பாதை போக 10 சதவீதம் பொதுப் பாவனைக்கு ஒதுக்கணும்னு நகர அபிவிருத்தி அதிகார சபையோட ஒழுங்குவிதி இருக்கு. அந்த லொட் எங்கன்னு பிரதேச சபையில அனுமதிச்ச பிளானைப் பார்த்தா தெரியும். சில இடத்துல அது ஆளே நிக்க முடியாத பள்ளமா இருக்கும்.

பழைய தோட்டக் காணின்னா இன்னொரு சோதனை. 1972 காணிச் சீர்திருத்தத்துல தனியார் 50 ஏக்கருக்கு மேல வச்சிருக்க முடியாம போச்சு, 1975ல கம்பனித் தோட்டங்களும் அரசுக்குப் போச்சு. அதனால 1972க்கு முந்தி இருந்து உறுதித் தொடரைத் தேடச் சொல்லுங்க. நடுவுல குத்தகைப் பத்திரம் வந்தா காணி இன்னும் அரசோடதா இருக்கலாம், வாங்குறதை அங்கேயே நிறுத்துங்க.

தண்ணி விஷயத்துலதான் ஆக்கள் அதிகமா ஏமாறுறாங்க. மழை காலத்துல எந்த ஊற்றும் பொங்கும். பெப்ரவரி, மார்ச்சில போய் 10 லீற்றர் வாளியை ஊற்று வாயில வச்சு நேரம் பாருங்க. 40 செக்கன்ல நிறைஞ்சா ஒரு நாளைக்கு 21,600 லீற்றர். 20 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லீற்றர்னா தேவை 10,800. தாராளமா போதும். அதே வாளி 2 நிமிஷம் எடுத்தா 7,200தான். பவுசர்ல (தண்ணி லொறி) எடுக்கிற செலவு உங்க தலையில. டேங்க் ரெண்டு நாள் தேவைக்காவது, 22,000 லீற்றர் அளவுல இருக்கட்டும். குழாய் மேடு ஏறி இறங்குற இடத்துல காத்து அடைச்சு தண்ணி நிக்கும், அங்க காத்து விடுற வால்வு வேணும். பள்ளத்துல மண் தங்கும், அங்க கழுவி விடுற வால்வு வேணும். ஊற்று இருக்கிற லொட் யாருதுன்னும் பாருங்க. பக்கத்துத் தோட்டத்துக்குள்ள இருந்தா குழாய் கொண்டுபோற உரிமை எழுத்துல இருக்கணும்.

மாசக் காசு, புல்லு வெட்டவும் வாச்சருக்கும் மட்டும் போதுற அளவுல இருந்தா கவனம். இங்க பெரிய செலவு தடுப்பு மதில். மதில்ல தண்ணி வடியிற ஓட்டை அடைச்சா, பின்னால மண் ஊறி மதில் வயிறு தள்ளும். அதுக்குன்னு தனி வைப்பு நிதி இருக்கான்னு கணக்குக் கேளுங்க. அடுக்குமாடியா கூட்டாதனச் சட்டத்துல (ஒரே கட்டடத்துல ஆளாளுக்குத் தனி வீடு சொந்தமா இருக்கிறதுக்கான சட்டம்) பதிஞ்சதுன்னா, உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்குச் சட்டப்படி காசு அறவிடவும் கணக்குக் காட்டவும் கடமை இருக்கு. தனிக் காணியில சும்மா ஒரு சங்கம்தான். பக்கத்து வீட்டுக்காரர் கட்டலைன்னா வசூலிக்க, உறுதியிலேயே அந்த நிபந்தனை இருந்தாத்தான் பிடி இருக்கும்.

வீடு கட்ட முந்தி மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட அறிக்கை வேணும். காணிக்கு முற்பணம் குடுக்க முந்தியே அதை எடுங்க.

அண்ணன் விஷயம்: கனடாக் குடியுரிமை மட்டும் இருந்தா 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டப்படி இந்தக் காணியை அவர் பேருக்கு எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தா எழுதலாம், அந்தச் சான்றிதழை நொத்தாரிஸ் கேட்பார்.