ரேண்டம் ஸ்லோப் சேர்த்தா ஸ்டாண்டர்ட் எரர் ஏன் ஏறுது?

வணக்கம். ஒரு ஆராய்ச்சி மாணவி கேட்டிருக்காங்க: "சார், 60 பிள்ளைங்களோட வாசிப்பு வேகத்தை ஒரே வருஷத்துல நாலு தடவை எடுத்திருக்கேன். ஆர்-ல ரேண்டம் இன்டர்செப்ட் மட்டும் வச்சா ஸ்டாண்டர்ட் எரர் சின்னதா வருது. ஸ்லோப்பையும் சேர்த்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடுது. சின்னதா வர்ற மாடலையே போட்டுடலாமா?"

போடாதீங்கம்மா. ஏன்னு காட்டுறேன். இன்டர்செப்ட்னா ஆரம்ப அளவு, ஸ்லோப்னா ஏறுற வேகம். ரேண்டம்னு போட்டா, அது ஆளுக்கு ஆள் மாறலாம்னு விடுறோம். ஸ்டாண்டர்ட் எரர்னா நம்ம கணிப்பு எவ்வளவு தள்ளாடலாம்ங்கிற அளவு.

உங்க டேட்டா என்கிட்ட இல்ல. அதனால, இந்த மாதிரி மாடல் போடுறதுக்கு ஆர் மென்பொருள்ல இருக்கிற எல்எம்இ4 பேக்கேஜோடயே வர்ற ஸ்லீப்ஸ்டடிங்கிற டேட்டாவை எடுத்துக்கலாம். 18 பேர். ராத்திரிக்கு 3 மணி நேரம்தான் தூங்க விட்டாங்க. தினமும் ரியாக்‌ஷன் டைம், மில்லி செகண்ட்ல. நாள் 0-லேர்ந்து 9 வரைக்கும், ஆக மொத்தம் 180 வரி.

முதல்ல இன்டர்செப்ட் மட்டும். அடைப்புக்குறிக்குள்ள பைப் கோட்டுக்கு இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் சப்ஜெக்ட். ஒரு நாளைக்கு 10.47 மில்லி செகண்ட் கூடுதுன்னு வருது, எரர் 0.80, டி மதிப்பு (ஏத்தத்தை எரரால வகுத்தது) 13. பார்க்க ஜம்முனு இருக்கு இல்ல? இப்ப அந்த 1-ஐ எடுத்துட்டு டேஸ்-னு போடுங்க, ஸ்லோப் சேர்ந்துடும், இன்டர்செப்ட் தானாவே கூட இருக்கும். அதே 10.47தான். எரர் 1.55 ஆயிடுச்சு, டி 6.8-க்கு இறங்கிடுச்சு. உங்களுக்கு நடந்ததும் இதேதான்.

முதல் மாடல் என்ன நினைச்சுக்குதுன்னா, ஆளுக்கு ஆள் ஆரம்பம்தான் வேற, ஏத்தம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு. நிஜத்துல? 308-ங்கிற ஆளுக்குத் தனியா கோடு போட்டா ஒரு நாளைக்கு 21.8 ஏறுது. 335-க்கு ஏறவே இல்ல, 2.9 குறையுது! இப்படி 18 பேருக்கும் தனித்தனியா ஸ்லோப் எடுத்து, அந்த 18 எண்ணோட எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், எவ்வளவு சிதறியிருக்குன்னு சொல்ற அளவு) பாருங்க, 6.56 வரும். ரூட் 18-ஆல வகுங்க. 1.55. மாடல் குடுத்த அதே எண்! ஏத்தத்தைப் பத்திப் பேசணும்னா நம்மகிட்ட இருக்கிறது 18 சாட்சிதான், 180 இல்ல. அந்த 0.80 இல்லாத தைரியம்.

ஆர்-ல அனோவா கட்டளை போட்டு ரெண்டு மாடலையும் ஒப்பிட்டா கை-ஸ்கொயர் 42.1, டிஎஃப் (கூடுதலா சேர்த்த அளவுருக்கள்) 2. ஸ்லோப் இருக்கிற மாடல்தான் நல்லா பொருந்துது, பேச்சுக்கே இடமில்ல.

ஒரு கிளைக்கதை. இந்த டேட்டாவோட ஹெல்ப் பக்கத்தைப் படிச்சீங்கன்னா, நாள் 0-வும் 1-ம் வெறும் பயிற்சி, 2-தான் பேஸ்லைன் (ஒப்பிடுறதுக்கான ஆரம்ப அளவு), தூக்கத்தைக் குறைச்சதே அதுக்கப்புறம்தான்னு போட்டிருக்கும். நானே இதைப் பார்க்காம ரொம்ப நாள் 0-லேர்ந்துதான் சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். நீங்க எதை 0-ன்னு வைக்கிறீங்களோ, இன்டர்செப்ட் அந்த நாளைத்தான் சொல்லும். உங்களுக்கு முதல் டெஸ்ட் 0-ஆ இருக்கட்டும்.

நாலே நாலு தடவைங்கிறதால ஸ்லோப் சேர்த்ததும் 'சிங்குலர் ஃபிட்'னு ஒரு மெசேஜ் வரலாம், மாடல் கேக்கிற எல்லாத்தையும் கணிக்க டேட்டா பத்தலங்கிற மாதிரி எச்சரிக்கை அது. பயந்துட்டு உடனே ஸ்லோப்பைத் தூக்கிடாதீங்க. ரேண்டம் எஃபெக்ட்ஸ் பகுதியில, இன்டர்செப்ட்டுக்கும் ஸ்லோப்புக்கும் நடுவுல உள்ள கோரிலேஷன் 1-ஓ மைனஸ் 1-ஓ நிக்குதான்னு பாருங்க. நின்னா, ஒரு பைப்புக்குப் பதிலா ரெண்டு பைப் போடுங்க, கோரிலேஷனை மட்டும் விட்டுடும். அப்பவும் ஸ்லோப்போட வேரியன்ஸ் 0-ன்னே வந்தா, உங்க பிள்ளைங்க வளர்ச்சியில இருக்கிற வித்தியாசத்தைப் பிடிக்க இந்த டேட்டா பத்தலன்னு அர்த்தம். அப்ப இன்டர்செப்ட் மாடலைப் போடுங்க, ஏன் போட்டீங்கன்னும் தீசிஸ்ல ஒரு வரி எழுதிடுங்க.