பாதியில் நின்ற கை

நேயர்களுக்கு வணக்கம். நான் பத்தொன்பது ஆண்டுகளாக ஸ்கைடைவிங் செய்துவருகிறேன். விமானத்திலிருந்து குதிக்கிறேன் என்று சொன்னதும் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பாராசூட் விரியலைன்னா?" இதற்குப் பதில் சொல்லாமல் நான் வேறு எதைப் பேசினாலும் உங்கள் காதில் ஏறாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதுகுப் பையில் இரண்டு பாராசூட்கள் இருக்கும். ஒன்று மெயின், இன்னொன்று ரிசர்வ். மெயினை நாங்களே மடித்து வைப்போம். ரிசர்வை நாங்கள் தொடக்கூடாது. அதற்கென்று பயிற்சியும் உரிமமும் பெற்ற ரிக்கர் இருக்கிறார். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை அவர் அதைப் பிரித்து, சோதித்து, மறுபடி மடித்து முத்திரை வைக்க வேண்டும். மெயின் கோணலாக விரிந்து முறுக்கிக்கொண்டது, சரிசெய்ய முடியவில்லை என்று வையுங்கள். மார்பின் வலது பக்கம் மெத்தென்று ஒரு துணிக் கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் மெயின் கழன்று பறந்துவிடும். இடது பக்கக் கைப்பிடியை இழுத்தால் ரிசர்வ் வரும். அப்படி மெயினைச் சட்டென்று கழற்றிவிடுகிற மூன்று வளையப் பூட்டை 1970களில் பில் பூத் என்பவர் கொண்டுவந்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டுக் காட்டினால்தான் புரியும், வானொலியில் வேண்டாம். ஒரு ஆளின் முழு எடையையும் தாங்கி நிற்கும் பட்டையை, ஒரு கையின் சாதாரண இழுப்பு விடுவித்துவிடும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆள் மயங்கிவிட்டால்? அதற்கும் ஒரு கருவி இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் க்ளோத் உருவாக்கிய சைப்ரஸ் 1991இல் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கணினி என்று சொல்லலாம். தரையிலிருந்து சுமார் 750 அடிக்கு வந்த பிறகும் நீங்கள் வேகம் குறையாமல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைக் கட்டி வைத்திருக்கும் கயிற்றை அது தானே அறுத்துவிடும்.

2023இல் அமெரிக்காவில் சுமார் 36.5 லட்சம் முறை மக்கள் குதித்தார்கள். இறந்தவர்கள் 10 பேர். பத்து என்பது பத்துக் குடும்பம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எங்கள் விளையாட்டில் உயிர் போகும் இடம் எது என்று பார்த்தால், நீங்கள் கேட்ட கேள்வியில் அது பெரும்பாலும் இல்லை. பல விபத்துகளில் பாராசூட் அழகாக விரிந்திருக்கும். அப்புறம் எதில் தவறினார்கள்? பட்டையைக் கட்டுவது, நேரத்தைப் பார்ப்பது, இறங்கும்போது திரும்புவது போன்ற சின்ன வேலைகளில். கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ, அந்த அளவுக்கு ஆட்கள் கூடுதலாகத் துணிந்து, இறப்புக் கணக்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவார்கள் என்று அதே பில் பூத் சொல்லியிருக்கிறார். அவர் கண்டுபிடித்த கருவிக்கும் அது பொருந்தும். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது.

எங்கள் நாள் எப்படிப் போகும் என்று கொஞ்சம் சொல்கிறேன். நாள் முழுவதும் குதித்துக்கொண்டே இருப்போம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி நாள் காத்திருப்பு. காற்று கூடிவிட்டது, மேகம் தாழ்ந்துவிட்டது, விமானத்துக்கு எரிபொருள் நிரப்புகிறார்கள், இப்படி ஏதாவது ஒன்று. மீதிப் பாதி மடிப்பு. கூடாரத்துத் தரையில் முழங்கால் போட்டு, நைலான் துணியைக் கையால் நீவி, உள்ளே சிக்கிய காற்றை நெஞ்சால் அழுத்தி வெளியேற்றி, கயிறுகளை ரப்பர் வளையங்களில் மடக்கி மடக்கிச் செருகுவோம். புதுத் துணி வழுக்கும். ஒரு பக்கம் அடக்கினால் மறுபக்கம் பிதுங்கும். கைபழகியவருக்குப் பத்து நிமிட வேலை. இதற்கெல்லாம் சேர்த்துக் கிடைப்பது என்ன? 13,000 அடியில் வெளியேறினால் சுமார் ஒரு நிமிடம் விழுவோம், பிறகு ஐந்தாறு நிமிடம் பாராசூட்டின் கீழே மிதப்போம். வயிறு புரட்டும் என்று நினைக்கிறீர்கள். புரட்டாது. விமானம் ஏற்கெனவே நம்மை வேகமாக முன்னால் கொண்டுபோய்க்கொண்டிருப்பதால் ராட்டினத்தில் வரும் அந்தக் குழிவிழுகிற உணர்வு வருவதில்லை. காற்றின் மேல் படுத்திருப்பது போல இருக்கும். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் அப்படிப் படுத்திருப்போம்.

இனி நான் பேச வந்த விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. அன்றைய கடைசி லோடு, அதாவது விமானத்தின் கடைசிப் பயணம். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேர் சேர்ந்து குதிப்பதாகத் திட்டம். எல்லோருக்கும் அவசரம். நான் பையை மாட்டினேன். கால் பட்டைகள் இரண்டையும் இறுக்கினேன். மார்புப் பட்டையை எடுத்துக் கொக்கிக்குள் நுழைத்தேன். அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு தோழி கூப்பிட்டாள். "அக்கா, நாம எத்தனாவதா வெளிய போறோம்?" திரும்பினேன். "மூணாவதா" என்றேன். மறுபடி முன்னால் திரும்பியபோது என் கை நேராகத் தலைக்கவசத்துக்குப் போய்விட்டது.

மார்புப் பட்டை என்பது தோள் பட்டைகள் இரண்டையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துப் பிடிக்கும் வார். பள்ளிக்கூடப் பையின் வாரை நீட்டிக் குறைக்க ஒரு கொக்கி இருக்குமே, கிட்டத்தட்ட அது போன்றதுதான். வார் உள்ளே போய், நடுக் கம்பியைச் சுற்றித் திரும்பி வந்தால்தான் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். சுற்றாமல் வெறுமனே நுழைந்து நின்றாலும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நடக்கலாம், உட்காரலாம், அப்படியே இருக்கும். பாராசூட் விரிகிறபோது மூன்று நான்கு விநாடியில் வேகம் அத்தனையும் இறங்கி, முழுப் பாரமும் பட்டைகளின் மேல் வந்து உட்காரும். அப்போதுதான் அது வழுக்கும். தோள் பட்டைகள் விரிந்து, ஆளே நழுவிப்போக இடம் உண்டு.

விமானத்தில் எனக்கு எதிரே ஒரு தம்பி, முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொத்தம் இருபது முப்பது முறைதான் குதித்திருப்பான். என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வையை எடுத்தான், மறுபடி பார்த்தான். 9,000 அடி தாண்டியபோது குனிந்து, இன்ஜின் சத்தத்தில் என் காதருகே வந்து சொன்னான். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பட்டை என்னோடது மாதிரி இல்லையே?"

குனிந்து பார்த்தேன். சரியாகத்தான் தெரிந்தது. இரண்டு விரலால் இழுத்தேன். ஊசியிலிருந்து நூல் உருவி வருவது போல, ஒரு தடையும் இல்லாமல் வந்தது.

நானே கழற்றி, முதலிலிருந்து கட்டி, அவனையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பிடித்தது. ஆனால் என் கை நடுங்குவது நிற்கவில்லை. மற்ற மூவரிடமும் சொல்லிவிட்டு விமானத்திலேயே கீழே வந்தேன். அவர்கள் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நேயர்களில் யாராவது முதல் முறை குதிக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: விமானத்தோடு இறங்கி வர எப்போதும் உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆயிரம் முறைக்கு மேல் அந்தப் பட்டையைக் கட்டிய கை எப்படித் தவறியது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். கட்டத் தெரியாமல் இல்லை. வேலை நடுவில் ஒரு கேள்வி வந்தது, கை பாதியில் நின்றது. திரும்பி வந்த கை, அந்த வேலை முடிந்துவிட்டது என்று நம்பி அடுத்ததற்குப் போய்விட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், தெருமுனை போனதும் பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வருமே, அதே சங்கதிதான். வீட்டுக்காவது திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. கை பாதியில் நின்றால், வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது. பட்டை கட்டும்போது யாராவது கூப்பிட்டால் கழற்றிவிட்டு மறுபடி கட்டுவேன். மடிக்கும்போது கூப்பிட்டால் எழுந்து போக மாட்டேன். போயே ஆக வேண்டுமென்றால், வந்து முழுவதையும் உதறி விரித்துவிட்டு மறுபடி மடிப்பேன். பத்து நிமிடம் போகும், போகட்டும். இன்னொன்று, பையை மாட்டிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கேள்வி எவ்வளவு அவசரமானாலும் அவர் கை ஓயும்வரை நில்லுங்கள். என் தோழி மேல் குற்றமில்லை, அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒரு பழக்கத்தை எங்கள் கூட்டம் முழுவதும் இப்போது கடைப்பிடிக்கிறது.

மாட்டுவதற்கு முன், விமானம் ஏறுவதற்கு முன், குதிப்பதற்கு முன் என்று மூன்று தடவை சோதிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கற்றுத்தருகிறோம். அன்று நான் நடுவில் உள்ளதை அவசரத்தில் விட்டேன். மூன்றாவதை எனக்காக அந்தத் தம்பி செய்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எங்களுக்கு அது அப்படியே பொருந்தும். மெயினை மூடி வைத்திருக்கும் ஊசி முதுகுப்புறம் இருக்கிறது. அதை இன்னொருவர்தான் மூடியைத் தூக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். முக்கியமாகப் புதியவர்களுக்குச் சொல்கிறேன்: அனுபவசாலியின் பட்டையில் சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்தத் தம்பி தயங்கியிருந்தால் நான் இன்று இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்திருப்பேனா தெரியாது.

நேரம் போய்விட்டது. இறங்குவதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தாழ்வாக வந்த பிறகு கூர்மையாகத் திரும்பாதீர்கள். பாராசூட்டைத் திருப்புவதற்கென்று தலைக்கு மேலே இரு பக்கமும் இருக்கும் கைப்பிடிகளில் ஒன்றை ஆழமாக இழுத்தால் பாராசூட் திரும்புவதோடு நிற்காது, மூக்குக் குத்திப் பாயும். உயரத்தில் அது விளையாட்டு. நூறு அடியில் அதற்குள் தரை வந்துவிடும். காற்றை எதிர்த்து இறங்க வேண்டும் என்பது பாடம்தான். ஆனால் கடைசி நொடியில் திசை தவறு என்று தெரிந்தால், அதைத் திருத்தப் பார்ப்பதைவிட, பாராசூட்டைச் சமமாக வைத்து, கால் இரண்டையும் சேர்த்து, இரண்டு கைப்பிடியையும் ஒன்றாக இழுத்து, உருண்டு விழுவது எவ்வளவோ மேல். சிராய்ப்போடு போகும். மரம், கட்டடம் இவற்றின் காற்று மறைவில் இறங்காதீர்கள். மறைவுதானே, அமைதியாக இருக்கும் என்று தோன்றும். அங்கேதான் காற்று சுழலும். தடையின் உயரத்தைப் போல் பத்து முதல் இருபது மடங்கு தூரம் வரை அந்தச் சுழல் இருக்கலாம். 30 அடி மரம் என்றால் 300இலிருந்து 600 அடி. முள்வேலியைத் தவிர்க்க வேண்டுமென்றால் முள்வேலியையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கண் போகும் இடத்துக்குக் கையும் போகும். காலியான இடத்தைப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டே விஷயம். பல மாதம் கழித்துக் குதிக்க வருகிறவர்கள் நேராக விமானம் ஏறாதீர்கள். அமெரிக்க ஸ்கைடைவிங் சங்கம் ஏ எனும் தொடக்கநிலை உரிமம் உள்ளவர்களுக்கு 60 நாள் இடைவெளி விழுந்தாலே மறுபயிற்சி கேட்கிறது. அது தண்டனை இல்லை. மார்பின் வலது கைப்பிடி, இடது கைப்பிடி என்று தரையில் நின்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, பத்துத் தடவை செய்து பாருங்கள். மேலே ஆயிரம் அடி என்பது ஐந்தரை விநாடி, அங்கே நின்று யோசிக்க இடமில்லை. இரண்டாவது, அழுத்தக் காற்றுத் தொட்டியோடு கடலுக்குள் மூழ்கி வந்தவர்கள் 24 மணி நேரம் கழியாமல் உயரே போக வேண்டாம். உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும், அதைப் பற்றி விரிவாக இன்னொரு நாள் சொல்கிறேன்.

அந்தத் தம்பி இப்போது பயிற்சியாளர். முதல் வகுப்பில் மாணவர்கள் கையில் ஒரு பட்டையையும் கொக்கியையும் கொடுத்து, சரியாக ஒருமுறை, தவறாக ஒருமுறை கட்டச் சொல்லி, இரண்டையும் இழுத்துப் பார்க்க வைக்கிறான். நன்றி, வணக்கம்.