எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது?

[திரையில்: கைப்பைக்குள் ஒரு போன். திரை மட்டும் அடிக்கடி ஒளிர்ந்து அணைகிறது.]

வணக்கம். சில வருடங்களுக்கு முன் என் பெரியம்மா, மகளைப் பார்க்க மஸ்கட் போனார். விமானம் இறங்கியதும் போனை ஆன் செய்து, "நல்லபடியா வந்து சேந்துட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டார். அப்புறம் போன் கைப்பைக்குள் போய்விட்டது. மறுநாள் மாப்பிள்ளை உள்ளூர் சிம் வாங்கி வரும்வரை பழைய போஸ்ட்பெய்டு சிம்தான் உள்ளே இருந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் தேர். குடும்ப குரூப்பில் போட்டோவும் வீடியோவுமாக வந்து குவிய, போன் தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா அதில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

மாதம் 400 சொச்சம் வரும் பில், அந்த மாதம் 31,000 ரூபாய். நம் ஊர் சிம்மை வெளிநாட்டில் ஓட்டியதற்கான ரோமிங் கட்டணம்.

இப்படித் திடீரென்று வந்து விழும் பில்லுக்கு அமெரிக்காவில் "பில் ஷாக்" என்றே பெயர். 2010-ல் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. செல்போன் வைத்திருக்கும் பெரியவர்களில் ஆறில் ஒருவர், அதாவது சுமார் 3 கோடிப் பேர், இந்த அடியை வாங்கியிருந்தார்கள். அவர்களில் 84 சதவீதம் பேர் சொன்னது இதுதான்: "எனக்கான அளவு முடியப்போகிறது என்று கம்பெனி ஒரு வார்த்தை சொல்லவில்லை."

[திரையில்: 1 கேபி = 1.95 சென்ட்]

பில் எப்படி அவ்வளவு ஏறுகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் காலகட்டத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தில், பேக் எதுவும் போடாமல் வெளிநாட்டில் டேட்டா பயன்படுத்தினால் ஒரு கேபிக்கு, அதாவது ஒரு கிலோபைட் டேட்டாவுக்கு, 1.95 சென்ட். காதில் விழும்போது சில்லறைக் காசு மாதிரிதான் இருக்கும். ஆனால் 1,024 கேபி சேர்ந்தால்தான் ஒரு எம்பி. பெருக்கினால் ஒரு எம்பிக்குக் கிட்டத்தட்ட 20 டாலர். போனில் எடுத்த ஒரு போட்டோ 3 எம்பி என்று வையுங்கள், 60 டாலர் போச்சு. விலையைக் கேபியில் சொல்வதே எனக்கு உறுத்துகிறது. தங்கத்தை மில்லிகிராமுக்கு விலை சொல்லி விற்றால் நாம் ஒப்புக்கொள்வோமா?

வெளிநாடு போனால்தான் இந்தத் தொல்லை என்றும் இல்லை. அதே காலத்தில் வெரைசான் என்ற இன்னொரு அமெரிக்க செல்போன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பலர் டேட்டா திட்டமே எடுக்காதவர்கள். அவர்களுக்கு அப்போது எம்பிக்கு 1.99 டாலர் கட்டணம் போட்டார்கள். போனில் ஏற்கெனவே போட்டுக் கொடுத்த விளையாட்டைத் திறந்ததற்குப் பணம். சிக்னல் சரியாகக் கிடைக்காமல் இணைப்பே தோற்றுப்போனதற்கும் பணம். டேட்டாவை நிறுத்தி வையுங்கள் என்று சொன்னவர்களிடமும் பணம். 2010 அக்டோபரில் அந்த நிறுவனம் சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 5.28 கோடி டாலர் திருப்பித் தரவும், அரசுக் கருவூலத்துக்கு 2.5 கோடி டாலர் கட்டவும் ஒப்புக்கொண்டது. ஒவ்வொருவரிடமும் போனது சின்னத் தொகைதான். அதனாலேயே பல பேர் பில்லில் அதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

சரி, கம்பெனிக்கு முன்கூட்டியே தெரியாதா? "ரோமிங் கணக்கு வெளிநாட்டு நெட்வொர்க்கிலிருந்து வந்து சேர நாளாகும்" என்பது அவர்கள் சொல்லும் பதில். பேசும் அழைப்புகளுக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு. டேட்டா விஷயம் வேறு. நீங்கள் வெளிநாட்டில் இருந்தாலும், பெரும்பாலும் உங்கள் டேட்டா சொந்த ஊர்க் கம்பெனியின் நெட்வொர்க்குக்கு வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குப் போகிறது. ஒவ்வொரு எம்பியும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ப்ரீபெய்டில் பேலன்ஸ் தீர்ந்த கணமே டேட்டா நின்றுவிடுகிறது, இல்லையா? கம்பெனிக்கு நஷ்டம் என்றால் நொடியில் கணக்குப் பார்க்கும் மீட்டர், நமக்கு நஷ்டம் என்றால் மட்டும் மாதக் கடைசிவரை ஏன் காத்திருக்க வேண்டும்? என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

[திரையில்: அமெரிக்கா, 17 அக்டோபர் 2011]

எஃப்சிசி முதலில் கட்டாய விதி கொண்டுவரத்தான் பார்த்தது. ஒரு வருடம் கழித்து, நிறுவனங்களின் சங்கமான சிடிஐஏ தானாக முன்வந்து ஒரு உறுதி கொடுத்தது. பேச்சு, டேட்டா, மெசேஜ், வெளிநாட்டு ரோமிங் ஆகிய நான்குக்கும் இலவச எச்சரிக்கை அனுப்புவார்கள். முதல் மூன்றுக்கும் அளவை நெருங்கும்போது ஒன்று, தாண்டியதும் ஒன்று; வெளிநாடு போனால் ரோமிங் கட்டணம் பற்றி ஒன்று. 2013 ஏப்ரலுக்குள் நான்கும் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது கெடு. நல்ல காரியம்தான். ஆனால் அது வெறும் தகவல். மெசேஜை நீங்கள் பார்க்காவிட்டால் மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஐரோப்பா இன்னும் ஒரு படி மேலே போனது. ஜெர்மனிக்காரர் ஒருவர் பிரான்சில் இருந்தபோது ரோமிங்கில் ஒரு டிவி நிகழ்ச்சியை டவுன்லோடு செய்ததற்கு 46,000 யூரோ பில் வந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதி, 2010 ஜூலை முதல் எல்லோருக்கும் வந்தது. வேறு வரம்பைத் தேர்ந்தெடுக்காத வாடிக்கையாளருக்கு ரோமிங் டேட்டா, வரி நீங்கலாக 50 யூரோவில் தானாக நின்றுவிட வேண்டும். 80 சதவீதம் ஆனதும் எச்சரிக்கை வர வேண்டும். தொடர வேண்டுமென்றால் நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். பெரியம்மாவைப் போல மெசேஜ் பக்கமே போகாதவரையும் காப்பாற்றுவது இந்த வகை விதிதான்.

நம் நாட்டில் 2016-ல் ஜியோ வந்த பிறகு தினசரி டேட்டா கணக்கு வந்துவிட்டது. அது முடிந்தால் வேகம்தான் குறையும், பில் ஏறாது. 50 சதவீதம், 90 சதவீதம் என்று வரும் மெசேஜ் நமக்குப் பழகிப்போய்விட்டது. அந்தப் பழக்கமே வெளிநாட்டில் ஆபத்து. அங்கேயும் வேகம்தானே குறையும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

[திரையில்: போன் செட்டிங்ஸ். விரல் ஒன்று 'டேட்டா ரோமிங்' பொத்தானை அணைக்கிறது.]

அதனால் அப்பா, அம்மாவை விமானம் ஏற்றிவிடும் முன், அவர்கள் போனை வாங்கி டேட்டா ரோமிங்கை நீங்களே அணைத்துக் கொடுங்கள். ரோமிங் பேக் போட்டிருந்தால், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டேட்டா பகுதிக்குப் போய், ரோமிங்கில் எதுவும் தானாக இறங்காதபடி மாற்றுங்கள். விமானத்துக்குள் கிடைக்கும் நெட்வொர்க்கும் கப்பல் நெட்வொர்க்கும் தனிக் கணக்கு. நாட்டுக்கென்று போட்ட பேக் அங்கே செல்லும் என்று நம்ப வேண்டாம். ஏறியதும் ஃப்ளைட் மோடு.

அதையும் மீறிப் பில் வந்துவிட்டால் கஸ்டமர் கேரில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளிலேயே இந்த இரண்டாவது படி இருக்கிறது.

பெரியம்மா விஷயத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம். போனைத் தேடிப் பார்த்ததில் எச்சரிக்கை மெசேஜ் இருந்தது, ஆங்கிலத்தில். வந்த நேரம் அதிகாலை 3:40. டேட்டா கணக்கு விவரத்தை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வரம்பு தாண்டியது முந்தைய நாள் இரவு 9 மணிக்கு. அந்த இரண்டு நேரத்தையும் எழுதி, "இடையில் போன ஆறு மணி நாற்பது நிமிட நேரத்துக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று மட்டும் கேட்டோம். மூன்று வாரம் கழித்துப் பில்லில் 24,000 ரூபாயைக் கழித்துவிட்டார்கள்.