கெட்டிமேளத்தில் நின்றுபோன கார்டு

நேயர்களுக்கு வணக்கம். மயிலாடுதுறை வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. வி.எச்.எஸ். கேசட் காலத்திலேயே கேமராவைத் தோளில் தூக்கியவன். என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "64 ஜி.பி. கார்டுல எத்தனை மணி நேரம் புடிக்கும் அண்ணே?" இந்தக் கேள்விக்கு அப்படியே பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லத் தெரியும் என்று நினைத்து நானே ஒருமுறை கெட்டேன்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். புதுக் கேமரா வாங்கிய ஜோர். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து ஃபுல் எச்.டி.யை மாற்றி, அதைவிடத் துல்லியமான 4கே வைத்தேன். கார்டு மட்டும் பழைய 64 ஜி.பி.தான். இத்தனை நாளும் ஒரு முகூர்த்தம் முழுக்க அதில் அடங்கியிருக்கிறதே என்ற தெம்பு. மறுநாள் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிறார், தவில்காரர் எங்கள் பக்கத்துக்கே உரிய வேகத்தில் கெட்டிமேளம் பிடிக்கிறார், அட்சதை பறக்கிறது. கேமராத் திரையில் சிவப்பாக ஓர் எழுத்து: கார்டு நிரம்பிவிட்டது. பக்கவாட்டில் இரண்டாவது கேமரா வைத்திருந்த பையன் முடிச்சைப் பிடித்திருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதில் விழுந்தது பெண்ணின் தாய்மாமன் முதுகு. அந்த மாமனே சாப்பாட்டுப் பந்தியில் வந்து, "என்ன தம்பி, தாலி கட்டுனது நல்லா விழுந்துச்சா?" என்று கேட்டார். அன்று இலையில் என்ன பரிமாறினார்கள் என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை.

எங்கே தவறினேன்? டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூர் நிலவரத்தை வானொலியில் தினமும் கேட்கிறவர்கள் நாம். அணை 120 அடி நிரம்பினால் இருப்பு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால், வரத்து ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் ஏட்டுக் கணக்கில் 108 நாள் வரும். 20,000 திறந்தால் 54 நாள். இருப்பை மட்டும் சொன்னால் எத்தனை நாள் வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், "எவ்வளவு திறக்கிறான்?" என்றுதான் கேட்பார்கள். கார்டும் அப்படித்தான். ஜி.பி., அதாவது ஜிகாபைட், என்பது இருப்பு. விநாடிக்கு எவ்வளவு தகவல் ஓடுகிறது என்பது திறப்பு. அதற்குப் பிட்ரேட் என்று பெயர். இதில் ஒரு கண்ணி உண்டு. திறப்பை மெகாபிட்டில் சொல்வார்கள், இருப்பைப் பைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

என் பழைய ஃபுல் எச்.டி. பதிவு விநாடிக்கு 24 மெகாபிட். எட்டால் வகுத்தால் 3 எம்.பி., அதாவது மெகாபைட். மணிக்குப் பத்தே முக்கால் ஜி.பி. சொச்சம். 64 ஜி.பி.யில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். புது 4கே பதிவு விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது மணிக்கு 45 ஜி.பி. அதே கார்டு ஒரு மணி 25 நிமிடத்தில் தீர்ந்தது. பாத பூஜைக்கே பாதி போயிருக்கும்!

கேசட் காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. வி.எச்.எஸ்.ஸில் 180 என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரம். அதற்குப் பிறகு வந்த மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) கேசட் ஒரு மணி நேரம். நேரத்தை அளந்து விற்றார்கள். இப்போது இடத்தை அளந்து விற்கிறார்கள். அந்த அளவையிலும் ஒரு வேடிக்கை. 64 ஜி.பி. கார்டை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் 59 சொச்சம்தான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கார்டு செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1,024 வீதம் எண்ணுகிறது. ஒருவர் மரக்காலைத் தலைதட்டி அளக்கிறார், இன்னொருவர் குவித்து அளக்கிறார், நெல் ஒன்றுதான்.

"பிட்ரேட்டைக் குறைச்சா ஆச்சு" என்பீர்கள். ஃபுல் எச்.டி. படம் ஒன்றில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள்; விநாடிக்கு 25 படம். சுருக்காமல் அப்படியே பதிந்தால் 64 ஜி.பி. ஏழு நிமிடம் தாங்காது. அதனால் கேமரா ஒவ்வொரு படத்தையும் முழுசாகப் பதிவதில்லை. முந்தின படத்திலிருந்து எது மாறியதோ அதைப் பெரும்பாலும் குறித்துக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பதிய கொஞ்சம் போதும். காற்றில் புரளும் சம்பா வயல், மதகில் நுரைத்து விழும் தண்ணீர், இதெல்லாம் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிற சங்கதி. எல்லாவற்றையும்விடப் பொல்லாதது அட்சதை. நூறு கை ஒரே நேரத்தில் அரிசி வீசும்போது திறப்பு போதாமல் போனால், பெண்ணின் முகமே கட்டம் கட்டமாக உடைந்துவிடும். கல்யாணத்தில் எந்த நொடி முக்கியமோ அந்த நொடியில்தான் படம் உடையும். ஆகவே நான் அதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

ரைஸ்மில் வைத்திருக்கும் நண்பருக்கு வேறு கணக்கு. நாலு கண்காணிப்புக் கேமரா, தலா 2 மெகாபிட். சேர்த்தால் விநாடிக்கு ஒரு எம்.பி., ஒரு நாளைக்கு 86 ஜி.பி. சொச்சம். 2 டி.பி. டிஸ்க், அதாவது 2,000 ஜி.பி., 23 நாளில் நிரம்பி, பழையதை அழித்துப் புதியதை எழுத ஆரம்பிக்கும். போன அமாவாசைக்குக் காணாமல் போன சாக்கை இந்த அமாவாசைக்குத் தேடினால் கிடைக்காது. அவர் அப்படித்தான் தேடினார்.

இப்போது 128 ஜி.பி. கார்டுதான் போடுகிறேன். ஆனாலும் ஒரு பழக்கம் விடவில்லை. எங்கள் ஊர்க் கூறைநாட்டில் பிறந்த கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்ததும், பெண் கட்டிக்கொண்டு வர உள்ளே போகும். நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைப்பார், மாமன்மார் காபி தேடுவார்கள். எப்படியும் பத்து நிமிடம் கிடைக்கும். பாதி இடம் மீதி இருந்தாலும் சரி, அப்போதே கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, வேறு கார்டு செருகிவிடுவேன். வணக்கம்.