குளிக்காதவர்கள் போட்ட பந்தி

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். ‘ஹிப்பிகள் விட்டுப்போனது போதையா, லட்சியமா?’ இதுதான் இன்றைய தலைப்பு. ஹிப்பிகள் என்றால், 1960-களில் அமெரிக்காவில் போர் வேண்டாம், அன்பு போதும் என்று கிளம்பிய நீள முடி இளைஞர்கள். நான் லட்சியம் அணி.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், “குளிக்காத கூட்டம் ஐயா அது” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

1969 ஆகஸ்ட். நியூயார்க் மாநிலத்து பெத்தேலில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில் ஹிப்பிகள் திரண்ட வுட்ஸ்டாக் இசைவிழா. தொடக்கவுரை யார் தெரியுமா? நம் கோவை செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா! அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. நிலமெல்லாம் சேறு. குளிக்கவில்லையாம். நண்பரே, வானமே இறங்கி வந்து குளிப்பாட்டியது!

நம் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்நூறு பேருக்குச் சமைத்து, நானூறு பேர் வந்துவிட்டால்? பெண்ணின் அப்பா வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடுவார். சமையல்காரர் சத்தமில்லாமல் ரசத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். அப்பளம் பாதியாகும். மூன்றாம் பந்தியில் பாயசம் கிடைக்காத மாப்பிள்ளையின் சித்தப்பா முறுக்கிக்கொண்டு போவார். இருபது வருஷம் பேச மாட்டார். நூறு பேர் கூடியதற்கே இந்தக் கதி! அங்கே 50,000 பேர் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது 4 லட்சத்துக்கும் மேல். வேலி கட்டி முடியவில்லை, டிக்கெட் கேட்க ஆளில்லை, சாப்பாடு தீர்ந்தது. ‘ஹாக் ஃபார்ம்’ என்ற ஹிப்பிக் குழு கோதுமை ரவையும் காய்கறியும் வேகவைத்து இலவசமாகப் பரிமாறியது. எந்தச் சித்தப்பாவும் கோபித்துக்கொண்டு போகவில்லை. போகத்தான் முடியுமா? சாலை முழுக்கக் கார் அடைத்து நின்றது.

சரி, போதை இருந்ததா? இருந்தது. பழுப்பு நிற எல்எஸ்டி போதை மருந்து சரியில்லை, ஜாக்கிரதை என்று மேடை மைக்கிலேயே அறிவித்தார்கள். போதையில் மிரண்டுபோன பிள்ளைகளுக்குத் தனிக் கூடாரமும் இருந்தது. அதே ஹாக் ஃபார்ம் குழுவினர் கையைப் பிடித்து, பேச்சுக் கொடுத்து, தெளியும்வரை பக்கத்திலேயே இருந்தார்கள். தெளிந்து எழுந்தவனிடம், அடுத்து அலறிக்கொண்டு வருகிறவளைக் காட்டி, கொஞ்ச நேரம் முன்பு நீயும் இப்படித்தான் இருந்தாய், இனி நீதான் டாக்டர் என்றார்கள். நடுங்கிய கையோடு அவனும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மணியடிக்காதீர்கள் நடுவரே, ஒரு நிமிஷம். காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையின் கையை விடாமல் விடிய விடிய விழித்திருந்த தாய்மார் இந்தச் சபையில் எத்தனை பேர்? அம்மா, நீங்களே சொல்லுங்கள். தன் கையைப் பிடித்தவன் குளித்தவனா என்று அந்தப் பெண் முகர்ந்து பார்த்திருப்பாளா?